மிர்னா சொல்லாமப் போயிட்டா

யக்கா, நீங்க தமிழ்தானே? நெனச்சேன். நாற்காலியில உக்காந்தும் காலத் தூக்கிச் சம்மணம் போட்டிருக்கியளே, அதப் பாத்ததுமே நம்மாளுன்னு புரிஞ்சிபோச்சி. எம் பேரு சண்முகக்கனி. தூத்துக்குடி. என்னையும் உங்கள மாதிரியே சக்கர நாற்காலியில வச்சித் தள்ளிட்டு வந்து இங்கன நிறுத்திட்டுப் போயிட்டான் ஒருத்தன். எனக்குக் காலெல்லாம் நல்லாத்தான் இருக்கு. இங்கிலீஷுதான் நொண்டி. தனியா வந்தப்ப அதுக்குத்தான் நாற்காலி போட்டாக. இப்ப மவன் கூடவே வாறான், ஆனாலும் "நீ நடக்க வேண்டாம்மா, உக்காந்துக்கோ"ன்னு ஒரே பிடிவாதம். அந்தா, தூண் பக்கத்துல போனக் காதுல வச்சிக்கிட்டு நிக்கானே, நீலச் சட்ட, அவன்தான். பேரு செந்தூர்பாண்டி. பிளேன் ஏறுனதுலேருந்து எங்கிட்ட ரெண்டு வார்த்த பேசல. போன்ல மட்டும் ஓயாமப் பேசுதான்.

நீங்க சென்னைக்கா? நாங்க இங்கன பிளேன் மாறித் திருவனந்தபுரம் எறங்கி, அங்கேருந்து காரு. இந்தாங்க, இந்தப் பெட்டியில ஒரு ரொட்டி எடுத்துக்கோங்க. அட, சும்மா எடுங்கக்கா. சர்க்கரையா? எனக்கும்தான் இருக்கு. ஒரு துண்டு தின்னா ஒண்ணும் ஆயிராது. ரெண்டு அடுக்கு, நடுவுல அன்னாசிப்பழ ஜாம். செமித்தான்னு பேரு. லாஸ் ஏஞ்சல்ஸ்ல எம் மவன் வீட்டுத் தெருமுனையில ஒரு ரொட்டிக்கட இருக்கு. எல் சால்வடோர்னு ஒரு நாடாம், அமெரிக்காவுக்குத் தெக்க, உள்ளங்கை அகலம்தான் இருக்குமாம். அந்த ஊர்க்காரங்க குடும்பமா நடத்துத கட. கடக்காரி மிர்னா குடுத்ததுதான் இது. அவ மேலதான் எனக்கு இப்ப ஆத்திரம். யார்கிட்டயாவது சொல்லலன்னா நெஞ்சு வெடிச்சிரும் போல இருக்கு. மவன்கிட்டச் சொன்னா, "விடும்மா, விடும்மா"ங்கான். நீங்க பெரிய மனுசி. கேட்டுட்டு நீங்களே ஞாயம் சொல்லுங்க.

மொதல்ல நான் ஏன் பாதியில போறேன்னு சொல்லிருதேன். எங்க வீட்டுக்காரவுகளுக்கு உடம்புக்கு முடியல. நெஞ்சு வலின்னு ஆஸ்பத்திரியில சேத்திருக்காகளாம். கொஞ்சம் சீரியஸ்னு மவன் சொன்னான். சீரியஸ்னா என்னக்கா, இந்தக் காலத்துல எல்லாத்துக்கும் வைத்தியம் இருக்கு. எங்க சின்ன மாமனாருக்கு இருதயத்துல அடைப்புன்னு சொல்லி ஊரே வந்து பாத்துட்டுப் போச்சி, அவரு இன்னைக்கும் சைக்கிள் மிதிச்சி உப்பளத்துக்குப் போறாரு. நான் இல்லாத நேரத்துல ஓட்டல்ல கண்டதையும் தின்னுருப்பாக. அதான் இழுத்து விட்டிருக்கு. நான் போயிப் பக்கத்துல உக்காந்து ஒரு கஞ்சி வச்சிக் குடுத்தா எந்திரிச்சிருவாக. அவுக மொகத்த ஒரு தரம் பாத்துட்டாப் போதும் எனக்கு.

நான் அமெரிக்காவுக்குப் போனதே மருமவ பிரசவத்துக்குத்தான். பேரன் பொறந்திருக்கான். அவுகளையும் கூப்பிட்டோம். உப்பு வாருத சமயத்துல உப்பளத்த விட்டுட்டு எங்கன வாறதுன்னுட்டாக. பேரன போன்லதான் பாத்தாக. "ஏட்டி, எங்க ஐயா மூக்கு அப்படியே ஒட்ட வச்சிருக்கு"ன்னாக. அம்புட்டுதான் பேச்சு. அவுக பேசுனா அதுக்கு மேல பேச மாட்டாக. "சாப்பிட்டியா"ன்னு கேப்பாக, "சரி வையி"ம்பாக. கல்யாணம் ஆன நாள்லேருந்து அப்படித்தான். உப்பளத்துல வெயில்ல நின்னு நின்னு பேச்சும் காஞ்சிபோச்சி போலன்னு நான் கேலி பண்ணுவேன்.

அங்க பகல் பூரா வீடு அடைச்ச கோயிலு மாதிரி கெடக்கும். புள்ளையும் தூங்கும், மருமவளும் தூங்குவா. சன்னல்ல நின்னு பாத்தா ரோட்டுல காரு போவும், ஆளு போவாது. எத்தன நாளைக்கு ஒருத்தி சன்னலப் புடிச்சிக்கிட்டு நிப்பா? ஒருநா காலையில கதவத் தொறந்துட்டு எறங்கிட்டேன். ரொட்டி வேகுத வாசன வந்துச்சி யக்கா. எங்க ஊருல பேக்கரி வாசல்ல நின்னா வருமே, அதே வாசன. அதப் புடிச்சிக்கிட்டே போயிட்டேன்.

கடன்னா பெருசா ஒண்ணுமில்ல. கதவத் தொறந்தா மணி கிணுங்கும். சொவத்துல ஒரு எரிமலைப் படம். நாமளே ஒரு தட்ட எடுத்து, இடுக்கியால ரொட்டிய எடுத்து வச்சிக்கிடணும். எனக்கு அந்தச் சங்கதி தெரியுமா? கையால எடுத்துட்டேன். உள்ளேருந்து ஒருத்தி "நோ, நோ"ன்னு ஓடியாந்தா. நானா விடுவேன்? "என்னட்டி நோ நோ, கையக் கழுவிட்டுத்தான் வந்திருக்கேன்"னேன், சுத்தத் தமிழ்ல. அவ திகைச்சிப்போயி என்னைப் பாத்தா, பொறவு சிரிச்சா பாருங்க சிரிப்பு, எனக்கும் அடக்க முடியல. அவதான் மிர்னா. குட்டையா, குண்டா, எங்க ஒண்ணுவிட்ட மதினி ஒருத்திய உரிச்சி வச்ச மாதிரி இருப்பா. அவ புருசன் சாந்தோஸ் உள்ள அடுப்புகிட்ட நிப்பாரு, மீசையெல்லாம் மாவா இருக்கும். மவ யெசி கல்லாவுல உக்காந்திருக்கும். அதுக்கு மட்டும்தான் இங்கிலீஷ் வரும்.

அன்னையிலேருந்து தெனமும் போவேன். அவ பாஷையில அவ பேசுவா, என் பாஷையில நான் பேசுவேன். எப்படிப் புரிஞ்சுதுன்னு கேக்கியளா? முட்டுவலிக்குப் பாஷ எதுக்குக்கா? முட்டத் தொட்டுக் காமிச்சா அவளும் முட்டத் தொட்டுக் காமிச்சா. ஒரு முக்காலி இழுத்துப் போட்டு காப்பி குடுப்பா, தட்டுல ஓரத்துத் துண்டா, நல்லா மொறுமொறுன்னு இருக்கதாப் பாத்து வைப்பா. நான் பேரன் போட்டோவக் காமிப்பேன். மருமவளப் பத்தி அவகிட்ட ஆசைதீரக் கொற சொல்லலாம் பாத்துக்கோங்க. விசயம் வெளிய போவவே போவாது.

ஒருநா மவனுக்குன்னு கொண்டுபோன மக்ரூன்ல ஒரு பொட்டலத்த ஒளிச்சி எடுத்துட்டுப் போயிக் குடுத்தேன். எங்க ஊரு மக்ரூன் தின்னுருக்கியளா நீங்க? முந்திரியும் முட்ட வெள்ளையும்தான், வாயில போட்டா இருக்காது. மிர்னா வாயில போட்டா, கண்ண மூடுனா, "சாந்தோஸ்!"னு ஒரு கத்து கத்துனா. அந்த மனுசன் மாவுக் கையோட ஓடியாந்து ஒண்ணு தின்னுட்டு, யக்கா, சிலுவையில்ல போட்டுக்கிட்டாரு! அன்னைக்கு ராத்திரி எங்க வீட்டுக்காரவுககிட்ட போன்ல சொன்னேன். அவுகளுக்கு ஒரே சிரிப்பு. "அந்தக் கடக்காரி ரொட்டியும் வரும்போது கொண்டா, நம்ம மக்ரூன ஜெயிக்குதான்னு தின்னு பாத்துச் சொல்லுதேன்"னாக. அவுக அவ்வளவு நீளமாப் பேசுனதே அதிசயம். அதனாலதான் இந்தப் பெட்டிய மடியிலயே வச்சிருக்கேன். அவுகளுக்குன்னு ரெண்டு மூணு தனியா ஒதுக்கிட்டேன், மத்ததத்தான் உங்களுக்குத் தாறேன்.

இன்னொண்ணும் சொல்லணும். நான் கடையவிட்டுக் கெளம்புனா மிர்னா வாசல் வரைக்கும் வருவா. கட்டவெரலால எம் நெத்தியில, பொட்டுக்கு மேல, ஒரு சிலுவை போடுவா. "வாயா கோன் தியோஸ்"ம்பா. கடவுளோட போங்கன்னு அர்த்தமாம், யெசி மவன்கிட்டச் சொல்லியிருக்கு. நான் "போயிட்டு வாறேன் மிர்னா"ம்பேன். கடையில ஆள் நெறஞ்சி நின்னாலும் சரி, அடுப்புல ரொட்டி கருகுனாலும் சரி, இத அவ விட்டதே இல்ல. அத மட்டும் மனசுல வச்சிக்கோங்க.

அப்படி இருக்கும்போது சாந்தோஸ் செத்துப்போனாரு யக்கா. விடியக்கருக்கல்ல அடுப்பு முன்னாலயே சாஞ்சிட்டாராம். நான் போனா கட பூட்டிக் கெடக்கு, கதவுல கறுப்பு ரிப்பன் கட்டியிருக்கு. அந்த வாசலே வாசனையத்துப் போயிக் கெடந்துச்சி. மவன் விசாரிச்சிட்டு வந்து சொன்னான். எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. நேத்துத்தானே அந்த மனுசன் மாவுக் கையால கும்பிடு போட்டாரு.

அடக்கத்துக்கு நான் போவல, அது எங்கனயோ தூரத்துல. ஆனா அவுகள்ள அதுக்கப்புறம் ஒம்பது நாளு சாயங்காலம் ஜெபம் வைப்பாகளாம், கடையிலேயே. அதுக்குப் பொறப்பட்டேன். "அத்த, வீட்டுல பச்சப்புள்ள இருக்கே, போவணுமா?"ன்னா மருமவ. ஏட்டி, நல்லதுக்குப் போவலன்னாலும் கெட்டதுக்குப் போவணும், அந்தப் பொம்பள கையால எத்தன காப்பி குடிச்சிருக்கேன்னு சொல்லிட்டுப் போனேன்.

உள்ள போனா, என்னன்னு நெனைக்கிய? கல்யாண வீடு தோத்துச்சி. ஒரு மேசையில ஆம்பளைங்க சீட்டு ஆடுதாங்க. ஒருத்தன் என்னமோ சொல்லுதான், சுத்தி நிக்கவங்க சிரிக்காங்க. சாந்தோஸ் போட்டோவுக்கு முன்னால மெழுகுவர்த்தி எரியுது, அதுக்குப் பக்கத்துலயே காப்பிப் பானை, தட்டுத் தட்டா ரொட்டி. இனிப்பு ரொட்டி யக்கா! நம்ம பக்கம் துக்க வீட்டுல அடுப்பே மூட்ட மாட்டோம். சொந்தக்காரங்க கொண்டாந்து குடுத்தாத்தான் வீட்டாளுகளுக்கே கஞ்சி. எனக்கு ஒடம்பெல்லாம் கூசிப்போச்சி.

மிர்னா கறுப்பு உடுத்தியிருந்தா. என்னப் பாத்ததும் ஓடியாந்து கட்டிக்கிட்டா. ரெண்டு பேரும் அழுதோம். பொய் சொல்லல, எங்க அண்ணன் செத்தப்பகூட நான் அப்படி அழல. அழுது முடிச்சிக் கண்ணத் தொடச்சிட்டு, உள்ள போயி, ஒரு தட்டுல செமித்தாவும் ஒரு காப்பியும் கொண்டாந்து நீட்டுதா. நான் எப்படிக்கா வாங்குவேன்? துக்க வீட்டுல கை நனைப்போமா? அதுலயும் வீட்டுல பொறந்த புள்ள கெடக்கு. கையப் பின்னால கட்டிக்கிட்டேன். அவ "சாந்தோஸ், சாந்தோஸ்"னு போட்டோவக் காமிச்சி மறுபடியும் நீட்டுதா. நான் வேண்டாம்னு தலைய ஆட்டுனேன். சீட்டாடுதவங்ககூட நிறுத்திட்டுப் பாத்தாங்க. அவ தட்ட வச்சிக்கிட்டு அப்படியே நின்னா.

பொறவு நம்ம மொறப்படி வந்துட்டேன். நீங்களே சொல்லுங்க, துக்க வீட்டுல போயிட்டு வாறேன்னு சொல்லுவோமா? சொன்னா அந்த வீட்டுக்கு இன்னொரு துக்கத்துக்கு வாறேன்னு ஆயிருமே. வாயத் தொறக்காம, திரும்பிப் பாக்காம வந்துரணும். அப்படித்தான் வந்தேன். வாசல் தாண்டும்போது "கனி, கனி"ன்னு அவ கூப்பிட்டது கேட்டுச்சி. திரும்பணும்னு நெஞ்சு கெடந்து தவிச்சிச்சி. திரும்பல. அவ நல்லாயிருக்கணும்னுதானே திரும்பல? வீட்டுக்குப் போயித் தலைக்கு ஊத்திட்டுத்தான் புள்ளையத் தொட்டேன்.

கட தொறந்தப்பொறவு போறேன், யெசிதான் ரொட்டிய எடுத்துப் பொதிஞ்சி குடுக்கு. மிர்னா என்னப் பாத்ததும் உள்ள போயிட்டா. முக்காலி இல்ல, காப்பி இல்ல, நெத்தியில சிலுவையும் இல்ல. இன்னொரு நாளு போனேன், அப்பவும் அப்படித்தான். என்ன குத்தம் செஞ்சேன்னு எனக்குப் புரியல. மவன் யெசிகிட்டக் கேட்டுட்டு வந்து சொல்லுதான், அந்த ஜெபத்துல குடுக்கிற ரொட்டி செத்தவர் பேரச் சொல்லிக் குடுக்குததாம். வாறவுக அதத் தின்னா, அவர் ஆத்மாவுக்கு ஒரு ஜெபம் சொன்ன மாதிரியாம். அவர் போனப்பொறவு மிர்னா அவளே அடுப்ப மூட்டி மொதமொதச் சுட்ட ரொட்டியாம். "உங்கம்மா அதத் தொடல. ஒரு வார்த்த சொல்லாம, திரும்பிப் பாக்காம, தெருநாய்கிட்டேருந்து போற மாதிரி எங்கம்மாகிட்டேருந்து போயிட்டாங்க"ன்னு சொல்லுச்சாம்.

கேட்டியளா அநியாயத்த? அவுக மொற அவுகளுக்குன்னா எங்க மொற எங்களுக்கு இல்லையா? நான் என்ன தெருவுல போறவளா? மொற தெரிஞ்சவ. எங்க வீட்டுக்காரவுககிட்ட போன்ல சொல்லி அழுதேன். அவுக என்ன சொன்னாகன்னு நெனைக்கிய? "ஏட்டி, செத்தவன் பேரச் சொல்லிக் குடுத்தா ஒரு துண்டு தின்னாத்தான் என்ன? அவ மனசு ஆறியிருக்கும்லா"ன்னாக. எனக்கு வந்துச்சே கோவம். ஊருக்குத்தான் உபதேசம், நீங்க போயி உப்ப வாருங்கன்னு சொல்லிப் போன வச்சிட்டேன். அதுக்கப்புறம் கூப்பிட்டாக, கைவேலையா இருக்கேன்னு மருமவளச் சொல்லச் சொன்னேன். அதுதான் கடைசியாப் பேசுனது. கடைசின்னா, இந்தத் தடவைக்கிக் கடைசி. வாய்ல நல்ல வார்த்தையே வர மாட்டேங்கு எனக்கு. போன ஒடனே அவுககிட்டச் சொல்லிரணும், கோவத்துல சொல்லிட்டேன், மனசுல வச்சிக்கிடாதியன்னு. அவுக வச்சிக்கிட மாட்டாக. சிரிச்சிட்டு "சரி வையி"ம்பாக.

அப்பத்தான் ஊர்லேருந்து போன் வந்துச்சி. மவன் அடுப்படியில நின்னு பேசிக்கிட்டிருந்தவன் அப்படியே தரையில உக்காந்துட்டான். என்னலேன்னு ஓடுனேன். "அப்பாவுக்குக் கொஞ்சம் சீரியஸும்மா, நாம ஒடனே போவணும்"னான். ஒரே ஒரு தரம் அவுக கொரலக் கேக்கணும்னேன். ஐ.சி.யூ.வுல போன் உள்ள விட மாட்டாகளாம். சரி, டாக்டர்கிட்டயாவது பேசுன்னேன், பேசிட்டேங்கான். எங்க கொழுந்தன்கிட்ட, "நாங்க வாற வரைக்கும் எப்படியாவது வச்சிருங்க சித்தப்பா"ன்னு கெஞ்சிக்கிட்டிருந்தான். அதும் சரிதான். நாங்க வாறதுக்குள்ள ஆஸ்பத்திரிக்காரன் வீட்டுக்குப் போன்னு அனுப்பிட்டா யாரு பாக்கிறது?

ஏன் யக்கா, ரொட்டியப் பாதியில வச்சிட்டிய? இனிப்பு கூடவா இருக்கு? தண்ணி வேணுமா?

என்ன சொல்லிக்கிட்டிருந்தேன்? ஆங், மருமவ. என்னதான் கொற சொன்னாலும் அவளுக்கும் மனசு இருக்குக்கா. எங்கனயோ போயி மல்லியப்பூ வாங்கிட்டு வந்து, தல சீவி, நெறைய வச்சிவிட்டா. இந்தா பாருங்க, இன்னும் முழுசா வாடல. குங்குமத்த எடுத்து அவளே நெத்தியில வச்சா. பாவம், அழுதுட்டா. ஏட்டி, நான் என்ன ஒரேயடியாவா போறேன், மாமாவுக்குச் சரியானதும் ரெண்டு பேருமா வருவோம், கண்ணத் தொடன்னேன். அவ இன்னும் அழுதா. புள்ள பெத்த ஒடம்பு, எல்லாத்துக்கும் அழுவ வரும்.

இந்தப் பயல் இருக்கானே, சாமான் கட்டுத நேரத்துல காணாமப் போயிட்டான். எங்க போனான்னு பாத்தா ரொட்டிக்கடையில உக்காந்திருந்துட்டு வாறான். கண்ணெல்லாம் செவந்து கெடக்கு. அப்பன் ஆஸ்பத்திரியில கெடக்காரு, ஒனக்குக் காப்பி கேக்குதோன்னு ஏசுனேன். குனிஞ்சி பெட்டிக்குக் கயிறு கட்டுனான். பொறவு மெதுவா, "அன்னைக்கு நீ ஏன் ரொட்டியத் தொடாம, சொல்லாம வந்தேன்னு அவங்ககிட்ட எடுத்துச் சொன்னேன்மா. நம்ம ஊர்ல துக்க வீட்டுல எப்படி இருக்கணும், எப்படிப் போகணும், எல்லாம் சொன்னேன். மிர்னாவுக்கு இப்பப் புரிஞ்சிடுச்சு"ன்னான். இத இப்பவா போயிச் சொல்லுவான்? கூறுகெட்ட பய. ஆனாலும் எனக்கு மனசுக்குள்ள நிம்மதி. போவதுக்கு முன்னால ஒரு பகை தீந்துச்சேன்னு.

கொஞ்ச நேரத்துல மிர்னாவே வாறா! கட நேரத்துல, மாவு படிஞ்ச துணியோட, இந்தப் பெட்டியத் தூக்கிக்கிட்டு. என்னக் கட்டிப் புடிச்சி அழுதா பாருங்க அழுவ. அவ ஒடம்பே குலுங்குது. எனக்குச் சந்தோசம் தாங்கல. கோவம் தீந்துபோச்சி, பழைய மிர்னா வந்துட்டான்னு நானும் அழுதேன். பெட்டியத் தொறந்து பாத்தா இம்புட்டு ரொட்டி. ரெண்டு பேருக்கு எதுக்குடி இவ்வளவு, ஊரக் கூட்டிப் பந்தி வைக்கலாம் போலிருக்கேன்னு கேட்டேன். அவளுக்கு எங்கன புரியப்போவுது. காசு குடுக்கப் போனான் மவன், அவன் கையத் தள்ளிட்டா.

சரி, நம்ம வீட்டுக்கு மொதத் தடவையா வந்திருக்கான்னு ஓடிப்போயிக் காப்பி போட்டேன். முறுக்கு எடுத்து வச்சேன். யக்கா, அவ தொடல. கையப் பின்னால கட்டிக்கிட்டா. குடி மிர்னா, குடின்னு கிட்டக் கொண்டு போறேன், தலைய ஆட்டுதா. சரி, தண்ணியாவது குடின்னா அதும் மாட்டேங்கா. எனக்கு மொகம் செத்துப்போச்சி. எம் மவனப் பாக்கேன், அவன் சொவத்தப் பாத்துக்கிட்டு நிக்கான்.

அவ எந்திரிச்சா. என் கூந்தல்ல இருக்க பூவப் பாத்தா, நெத்தியப் பாத்தா. சரி, சிலுவை போடப் போறான்னு நான் தலையக் குனிஞ்சிக் குடுக்கேன். வெக்கத்த விட்டுச் சொல்லுதேன், சின்னப்புள்ள மாதிரி குனிஞ்சிக்கிட்டு நிக்கேன். எம் புருசன் சாகக் கெடக்காக, இல்ல, முடியாம இருக்காக, கடவுளோட போன்னு ஒரு வார்த்த அவ வாயால கேட்டுட்டா எனக்கு ஒரு தெம்பு. நிமிர்ந்து பாத்தா அவ வாசலுக்குப் போயிட்டா. ஒரு வார்த்த இல்ல. "மிர்னா"ன்னு கூப்பிட்டேன். நின்னா. ஆனா திரும்பல. அவ முதுகு குலுங்குதது எனக்குத் தெரியுது, ஆனா திரும்பல. அப்படியே எறங்கிப் போயிட்டா.

நீங்களே சொல்லுங்க, இது ஞாயமா? தெனமும் சொன்னவ, அன்னைக்குச் சொல்லலாம்லா? ஒண்ணுமில்லாத நாளெல்லாம் வாசல் வரைக்கும் வந்து கடவுள்கிட்ட ஒப்படைச்சிட்டு, எனக்குக் கடவுள் வேணுங்கிற அன்னைக்கு வாயப் பூட்டிக்கிட்டா. பழி வாங்கிட்டாக்கா. மவன் எங்க மொறையெல்லாம் சொன்னான்லா, அத வச்சே என்னப் பழி வாங்கிட்டா. அவ வீட்டுல நான் என்ன செஞ்சேனோ, அச்சுப் பிசகாம அதத் திருப்பிச் செஞ்சிட்டா. காப்பியத் தொடல. கையப் பின்னால கட்டிக்கிட்டா. சொல்லாமப் போனா. திரும்பிப் பாக்கல.

நான் செஞ்சது வேற யக்கா. நான் போனது துக்க வீடு.

எங்க வீட்டுல என்ன துக்கம்?

பச்சப்புள்ள பொறந்த வீடுக்கா அது. தொட்டில் கட்டியிருக்கு. அங்க வந்து அவ ஏன் அப்படி...

செந்தூரு எங்க? அங்கனயேதான் நிக்கான். இன்னும் போன் பேசுதான். சொவத்தப் பாத்துக்கிட்டுப் பேசுதான். யார்கிட்ட இம்புட்டு நேரம்? டாக்டராத்தான் இருக்கும். சவரங்கூடப் பண்ணல, பாருங்களேன். லாஸ் ஏஞ்சல்ஸ்லேருந்து ஒரு வாய் சோறு தின்னல இவன். பெட்டியில இம்புட்டு ரொட்டி இருக்கு, ஒண்ணு தின்னுலேன்னா, "அது வாறவங்களுக்கும்மா"ங்கான். யாருலே வாறான்னு கேட்டேன். போனத் தூக்கிக்கிட்டுத் தூண் பக்கம் போயிட்டான்.

நீங்க ஏன் யக்கா அழுதிய? நீங்க எதுக்கு அழுவணும்? உங்களுக்கும் யாராவது ஆஸ்பத்திரியில இருக்காகளா? எங்க வீட்டுக்காரவுகளுக்கு ஒண்ணும் ஆவாது. எங்க சின்ன மாமனாருக்கும் இப்படித்தான் சொன்னாக. நான் சொன்னேன்லா, சைக்கிள்ல போறாருன்னு.

அந்தா, உங்களத் தள்ளுத பையன் வந்துட்டான். பிளேனுக்குக் கூப்பிடுதாங்க போல. சரி, நல்லபடியாப் போங்க. பையத் தாங்க, மடியில வச்சிவிடுதேன். அந்தப் பாதி ரொட்டியத் தூர எறிஞ்சிராதிய... ஆமா, தின்னுங்க, தின்னுங்க. மெதுவாத் தின்னுங்க, தொண்டையில அடைக்கப் போவுது. எங்கையப் புடிச்சது போதும்க்கா, நேரமாவுது, அந்தப் பையன் அவசரப்படுதான் பாருங்க.

யக்கா.

யக்கா, ஒண்ணுஞ் சொல்லாமப் போறியளே. ஏ தம்பி, கொஞ்சம் நிறுத்துப்பா. இங்க திரும்புங்கக்கா. இம்புட்டு நேரம் பேசிக்கிட்டிருந்தோம்லா, இப்படியா போறது? எம் மொகத்தப் பாத்து, போயிட்டு வாறேன்னு ஒரு வார்த்த சொல்லிட்டுப் போங்க. அவதான் சொல்லாமப் போயிட்டா, நீங்களாவது சொல்லுங்க.

யக்கா, சொல்லிட்டுப் போங்கக்கா.